வங்கிப் படி ஏறாத பணம்

இவ்விதழின் பாடப் பகுதியில் மார்க்க விஷயங்களோடு உலக விஷயங்களையும் இடையிடையே எடுத்துக்கொள்ள வேண்டுமென்பது அங்கத்தினர் பலருடைய விருப்பம். அதற்கிணங்க இம்முறை பணத்தைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். அதைச் சம்பாதிக்கும் வழியைப் பற்றி அன்று. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு அது போய்ச் சேரும் வழியைப் பற்றி.

தொடங்குமுன் ஒரு சொல். பழைய பத்திரிகைகளில் ‘பாங்கி’ என்றும் ‘பாங்கு’ என்றும் எழுதுவார்கள். ‘பாங்கு’ என்று நாம் எழுதினால் நம் வாசகர்களுக்குப் பள்ளிவாசலின் அழைப்பொலிதான் நினைவுக்கு வரும். ஆகவே ‘வங்கி’ என்றே எழுதிச் செல்கிறோம்.

வீதிக்கொரு வங்கி இருக்கும் ஊர்களில் வாழும் நமக்கு, வங்கிக் கணக்கு இல்லாத வாழ்க்கையை எண்ணிப் பார்ப்பது சற்றுச் சிரமம். ஆயினும் உலகத்தில் ஏழை நாடுகள் பலவற்றில் பெரும்பாலான ஜனங்கள் அப்படித்தான் வாழ்ந்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள கென்யாவை எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டில் அந்நாட்டில் வயது வந்தோரில் வங்கி முதலான முறையான பண ஸ்தாபனங்களோடு தொடர்புடையவர்கள் நூற்றுக்கு 27 பேர் அளவே. மற்றவர்கள் சேமிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. வங்கியின் கணக்கு வேறு விதமானது. கட்டடம், காவலாளி, குமாஸ்தா, இரும்புப் பெட்டி ஆகிய எல்லாவற்றுக்கும் செலவு செய்து ஒரு கிளையை நடத்துகிறவர்களுக்கு, காய்கறி விற்கும் ஒரு பெண்மணி கொண்டுவரும் நூறு ஷில்லிங்கை வாங்கி எழுதிக்கொள்வதே நஷ்டம். ஆகவே குறைந்தபட்ச இருப்பு இவ்வளவு இருக்க வேண்டும், இன்னின்ன பத்திரங்கள் வேண்டும் என்று விதிகளை வைத்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. படி மட்டும் உயரமாக இருந்தது.

நம்முடைய நாட்டிலேயே இதற்கு வேறொரு வகையில் முன்மாதிரி உண்டு. மலாய்க் கிராமத்து மக்கள் ஹஜ்ஜுக்காகச் சேர்த்த காசைத் தலையணைக்கடியிலும் மண்ணிலும் ஒளித்து வைத்தார்கள். நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டுப் பயணப்பட்டார்கள். வங்கியில் போட்டால் வட்டி கலந்துவிடுமே என்ற அச்சமே அதற்குக் காரணம். பொருளாதார நிபுணர் உங்கு அஜீஸ் அவர்கள் 1959இல் இதற்கொரு திட்டம் வகுத்துக் கொடுத்தார்கள். அதன் பயனாக 1963இல் ஹஜ் சேமிப்பு நிறுவனம் தோன்றியது. இன்று தாபோங் ஹாஜி என்று நாம் வழங்குவது அதுவே. ஜனங்கள் வங்கிக்கு ஏற்றபடி மாறவில்லை. ஜனங்களுக்கு ஏற்ற ஸ்தாபனம் பிறகு பிறந்தது. கென்யாவில் நடந்ததும் ஏறக்குறைய இதுவேதான். அங்கே அந்த ஸ்தாபனம் ஒரு தொலைபேசிக் கம்பெனி வடிவில் வந்தது.

நைரோபி நகரில் வேலை பார்க்கும் ஒருவன் தொலைதூரக் கிராமத்திலிருக்கும் தாய்க்குப் பணம் அனுப்ப வேண்டுமானால் என்ன செய்வான்? ஊருக்குப் போகும் உறவினனிடம் கொடுத்தனுப்புவான். இல்லையேல் பஸ் டிரைவரிடம் உறையைக் கொடுத்து, இன்ன இடத்தில் இன்னார் வந்து வாங்கிக்கொள்வார் என்பான். வழிப்பறி உண்டு, மறதி உண்டு, சில வேளை உறையின் கனம் குறைந்தும் போகும். கடல் கடந்து வந்து, ஊரிலிருக்கும் உம்மாவுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிய நம் முன்னோர்களின் சந்ததியாராகிய நமக்கு இக்கவலையை விளக்கத் தேவையில்லை.

இந்நிலையில் கைத்தொலைபேசி ஆப்பிரிக்காவெங்கும் பரவியது. சில நாடுகளில் ஜனங்கள் தாமே ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள். பேச்சு நேரத்துக்கான அட்டையை நகரத்தில் வாங்கி, அதன் எண்ணைக் கிராமத்திலுள்ளவருக்குத் தெரிவிப்பார்கள். அவர் அதைத் தம் ஊர்க் கடைக்காரருக்கு விற்றுக் காசாக்கிக்கொள்வார். நாம் ‘டாப் அப்’ என்கிறோமே, அதுவே அங்கே நாணயமாகிவிட்டது!

கம்பெனிக்காரர்கள் தொடக்கத்தில் நினைத்தது வேறு. இங்கிலாந்தின் வோடபோன் கம்பெனியும் கென்யாவின் சஃபாரிகாம் கம்பெனியும், பிரிட்டிஷ் அரசாங்கத்தின் உதவிப் பணத்தோடு 2005 அக்டோபரில் ஒரு சோதனையைத் தொடங்கின. சிறுகடன் வாங்கியவர்கள் தங்கள் தவணையைக் கைத்தொலைபேசி மூலம் கட்டுவதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்பதே நோக்கம். சில நூறு பேர் மட்டும் அதில் பங்குகொண்டார்கள். அவர்கள் தவணையும் கட்டினார்கள். ஆனால் அதைவிட ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்வதற்கே அக்கருவியை அதிகமாக விரும்பினார்கள். இதைக் கண்ட கம்பெனியார் கடன் தவணைப் பேச்சை ஒதுக்கிவிட்டு, வீட்டுக்குப் பணம் அனுப்பும் சேவையாகவே 2007 மார்ச் மாதத்தில் அதை நாட்டுக்கு அறிமுகப்படுத்தினார்கள். அதுதான் எம்-பெசா. ‘எம்’ என்பது மொபைலைக் குறிக்கும் எழுத்து. ‘பெசா’ என்றால் ஸ்வாஹிலி மொழியில் பணம். நம்முடைய ‘பைசா’வுக்கு அது நெருங்கிய உறவு, இந்து மகா சமுத்திரத்து வாணிகம் அந்தச் சொல்லை அங்கே கொண்டு சேர்த்தது. ஓராண்டு நிறைவதற்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் சேர்ந்தார்கள்.

அது நடக்கும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். இந்தப் பாடத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

மூலைக்கொரு மளிகைக்கடை, மருந்துக்கடை, சிம் அட்டை விற்கும் பெட்டிக்கடை ஆகியவற்றைக் கம்பெனி தன் ஏஜெண்டுகளாக நியமிக்கிறது. ஏஜெண்டு முதலில் தம் சொந்த முதலைப் போட்டுக் கம்பெனியிடமிருந்து கைத்தொலைபேசிக் கணக்கில் ஓர் இருப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். அவரிடம் இப்பொழுது இரண்டு இருப்புகள் உண்டு: ஒன்று கல்லாப்பெட்டியில் ரொக்கம், மற்றது தொலைபேசியில் எண். நீங்கள் சென்று 1000 ஷில்லிங் ரொக்கத்தைக் கொடுத்தால், அவர் தம் தொலைபேசியிலுள்ள எண்ணிலிருந்து 1000த்தை உங்கள் தொலைபேசிக்கு மாற்றுகிறார். கல்லாவில் 1000 கூடிற்று. தொலைபேசியில் 1000 குறைந்தது. உங்களுக்கு உடனே குறுஞ்செய்தி வருகிறது. நீங்கள் அதைக் கிராமத்திலுள்ள தாயாருக்கு அனுப்புகிறீர்கள். அவர் தம் ஊர் ஏஜெண்டிடம் சென்று, அடையாள அட்டையைக் காட்டி, இரகசிய எண்ணை அழுத்துகிறார். அந்த ஏஜெண்டின் தொலைபேசியில் எண் கூடுகிறது. கல்லாவில் ரொக்கம் குறைகிறது. பணம் பயணம் செய்யவே இல்லை! கணக்குதான் பயணம் செய்தது. நம் பெரியவர்கள் அறிந்திருந்த உண்டியல் முறைக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை, வயதான வாசகர்களுக்குச் சொல்லாமலே விளங்கும்.

ஏஜெண்டின் பாடு எளிதன்று. நகரத்து ஜனங்கள் அனுப்புகிறவர்கள். கிராமத்து ஜனங்கள் பெறுகிறவர்கள். ஆகையால் நகரத்து ஏஜெண்டின் கல்லா நிரம்பித் தொலைபேசி காலியாகும். கிராமத்து ஏஜெண்டுக்குத் தொலைபேசி நிரம்பிக் கல்லா காலியாகும். ‘பணம் வந்திருக்கிறது’ என்று குறுஞ்செய்தியைக் காட்டி நிற்கும் கிழவியிடம், ‘ரொக்கம் இல்லை, நாளை வாருங்கள்’ என்று சொல்ல நேர்ந்தால் அவருடைய நாணயமே போய்விடும். அதற்காக அவர் பட்டணத்து வங்கிக்குப் பயணம் செய்து ரொக்கம் எடுத்து வர வேண்டும். கடையை அடைத்த நேரத்துக்கு வருமானம் இல்லை. மடியில் பணத்தோடு திரும்பும் வழியில் ஆபத்தும் உண்டு. ஜனங்கள் சுமந்த அபாயத்தை இப்பொழுது சிறு கடைக்காரர் ஒரு சிறு கமிஷனுக்காகச் சுமக்கிறார் என்று சொல்வது மிகையன்று. அவருடைய மேசைமீது ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். வந்தவர் பெயர், அடையாள எண், தொகை, கையொப்பம் எல்லாம் அதில் எழுதப்படும். கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கக் கட்டளையிடும் வசனம் திருமறையின் இரண்டாம் அத்தியாயத்தில் உள்ளதையும், திருமறையிலேயே நீளமான வசனம் அதுவே என்பதையும் மதரஸாவில் படித்தவர்கள் அறிவார்கள்.

ஜனங்கள் கொடுத்த ரொக்கமெல்லாம் எங்கே போகிறது என்று கேட்கலாம். அதற்கீடான முழுத் தொகையும் வங்கியில், கம்பெனியின் சொந்தப் பணத்தோடு கலவாத தனிப் பொறுப்புக் கணக்கில் இருக்கிறது. கம்பெனி அதை எடுத்துக் கடன் கொடுக்கவோ வியாபாரத்தில் போடவோ முடியாது. ஆகவே வங்கி மறைந்துவிடவில்லை. முன்வாசலிலிருந்து கொல்லைப்புறத்துக்குப் போயிற்று, அவ்வளவே.

ஆனால் வங்கிகள் அதை அவ்வளவு இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2008 டிசம்பரில், அப்போது நிதியமைச்சுப் பொறுப்பை வகித்தவர் இச்சேவையைத் தணிக்கை செய்யும்படி உத்தரவிட்டார். அதன் பின்னணியில் வங்கிகளின் முறையீடு இருந்ததென்று பரவலாகப் பேசப்பட்டது. பார்த்துக்கொண்டிருந்தபோதே இலட்சக்கணக்கான மக்கள் தொலைபேசிக் கம்பெனியிடம் பணத்தைக் கொடுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? 2009 ஜனவரியில் தணிக்கையின் முடிவு வெளிவந்தது. சேவை நம்பத்தக்கதே என்று அரசாங்கத் தரப்பு அறிவித்தது. கென்யாவின் மத்திய வங்கி தொடக்கத்தில் ஆட்சேபணையில்லை என்று ஒரு கடிதம் மட்டும் கொடுத்து நடக்க விட்டது. பணப் பட்டுவாடாவுக்கான சட்டம் 2011இல்தான் வந்தது. முதலில் பார், பிறகு வேலி போடு என்ற அந்தப் போக்கை நாம் குறை கூற மாட்டோம். முதல் நாளே வேலி போட்டிருந்தால் செடி முளைத்திராது. வங்கிகளும் பாடம் கற்றன. 2010இலிருந்து அவையும் கடைக்காரர்களைத் தங்கள் ஏஜெண்டுகளாக வைத்துக்கொள்ள அனுமதி பெற்றன. 2019இல் முறையான பணச் சேவைகளைப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு 83 பேராக உயர்ந்தார்கள்.

இதனால் ஏழைக்கு என்ன வந்தது? 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பின் கென்யாவில் கலவரம் மூண்டு, 2008 தொடக்கத்தில் ஜனங்கள் வீட்டைவிட்டு வெளிவர முடியாமல் அடைபட்டுக் கிடந்தபோது, உறவினர்கள் தொலைபேசி வழியே அனுப்பிய சிறு தொகைகள் அவர்களுக்குக் கைகொடுத்தன. தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்னும் இரு பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் அந்நாட்டுக் குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். நோய், வேலையிழப்பு, விளைச்சல் பொய்த்தல் போன்ற இடி விழுந்தபோது, எம்-பெசா இல்லாத குடும்பங்களின் செலவு நூற்றுக்கு 7 பங்கு சுருங்கியதாகவும், அதைப் பயன்படுத்திய குடும்பங்களில் அப்படிச் சுருக்கம் காணவில்லை என்றும் 2014இல் எழுதினார்கள். காரணம் சாதாரணமானது. பல ஊர்களில் இருக்கும் பத்து உறவினர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அன்றைக்கே அனுப்பிவிட முடிந்தது. 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், ஏறக்குறைய 1,94,000 குடும்பங்கள் இச்சேவையால் கடும் வறுமையிலிருந்து மீண்டதாகக் கணக்கிட்டார்கள். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களில் பலன் அதிகமாயிருந்தது. அண்டை வீட்டாரின் பசி அறியாமல் உறங்காதே என்ற போதனையில் வளர்ந்த நமக்கு, அண்டை வீடு என்பது முந்நூறு மைலுக்கு அப்பாலும் இருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

இனிக் கென்யாவின் வடகிழக்கு எல்லையைத் தாண்டி ஒரு முஸ்லிம் நாட்டைப் பார்ப்போம். சோமாலியாவில் 1991இல் அரசாங்கம் வீழ்ந்தது. அதோடு மத்திய வங்கியும் செயலற்றுப் போயிற்று. புதிய நோட்டு அச்சடிக்க ஆளில்லை. கள்ள நோட்டு அடிக்க மட்டும் ஆள் இருந்தார்கள். புழக்கத்திலிருந்த சோமாலி ஷில்லிங் நோட்டுகளில் நூற்றுக்கு 98 போலி என்று சர்வதேச நாணய நிதியமே ஒரு காலத்தில் மதிப்பிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஹவாலா மூலமே வந்தது. இந்த இடத்தில்தான் தொலைபேசிக் கம்பெனிகள் நுழைந்தன. வடக்கே ஹர்கெய்சா பகுதியில் 2009இல் ‘ஜாத்’ என்ற சேவையும், பிறகு மொகதிஷுவில் ‘ஈ.வி.சி. பிளஸ்’ என்ற சேவையும் தோன்றின. அமெரிக்க டாலர் கணக்கில் நடப்பவை அவை. ஒருவர் மற்றவருக்கு அனுப்பக் கட்டணம் கிடையாது. வாடிக்கையாளர் தம்மைவிட்டுப் போகாமலிருப்பதே கம்பெனிக்கு இலாபம். 2018இல் உலக வங்கி தெரிவித்த கணக்கின்படி, 16 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் இதைப் பயன்படுத்தினர். மாதமொன்றுக்கு 15 கோடியே 50 இலட்சம் தடவை, 270 கோடி டாலர் கைமாறியது. வங்கி இல்லாத நாடு, வங்கி நிறைந்த நாடுகளை முந்திக்கொண்டது.

ஆனால் கென்யாவில் சொன்ன தனிப் பொறுப்புக் கணக்கு என்னும் சட்டப் பாதுகாப்பு அங்கே நெடுங்காலம் இல்லை. மத்திய வங்கி முதன்முதலாகக் கைத்தொலைபேசிப் பணத்துக்கு உரிமம் வழங்கியது 2021இல்தான். அதுவரை கோடிக்கணக்கான டாலர், கம்பெனியின் சொல்லை மட்டும் நம்பி இருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை எதிர்த்த மக்கத்துக் குறைஷிகளே தம் பொருள்களை அவர்களிடம்தான் ஒப்படைத்திருந்தார்கள். ஹிஜ்ரத் புறப்பட்ட போது, அப்பொருள்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை ஊரில் நிறுத்திச் சென்றார்கள். அமானிதம் என்பது அது. தனி மனிதரிடம் அத்தகைய குணம் இருக்கலாம். கம்பெனியிடம் அதை எதிர்பார்ப்பதற்குப் பதில், சட்டத்தால் கட்டி வைப்பதே புத்திசாலித்தனம் என்பது நமது எண்ணம்.

மறுபடியும் கென்யாவுக்கு வருவோம். இதுவரை சொன்னது அனுப்பும் கதை. 2012 நவம்பரில் கடன் கதை தொடங்கிற்று. எம்-பெசா வைத்திருப்பவர்களுக்கு, ஒரு வங்கியின் கூட்டுறவோடு, ‘எம்-ஷ்வாரி’ என்ற சிறுகடன் தொலைபேசியிலேயே கிடைக்கத் தொடங்கியது. ஜாமீன் வேண்டாம், பத்திரம் வேண்டாம், குமாஸ்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டாம். நள்ளிரவில் பொத்தானை அழுத்தினாலும் பணம் வரும். தவணை 30 நாள். அதற்குக் கட்டணம் நூற்றுக்கு ஏழரை. முப்பது நாளில் கட்டாவிட்டால் இன்னும் முப்பது நாள், இன்னுமோர் ஏழரை. அதை ‘வட்டி’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘வசதிக் கட்டணம்’ என்றார்கள். மாதம் ஏழரை என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு எவ்வளவென்று நம் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். தொண்ணூறு!

இங்கே ஒரு வேற்றுமையைத் தெளிவாகப் பிரித்தறிய வேண்டும். பணத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சேர்ப்பிப்பதற்காக வாங்கும் கட்டணம் கூலி. தபாலாபீசில் மணியார்டருக்குக் கொடுத்தது போன்றது. உழைப்பு நடந்தது, கூலி கொடுக்கப்பட்டது. ஆனால் கடன் தொகை பெருகப் பெருகத் தானும் பெருகி, நாள் தள்ளினால் மறுபடியும் முளைக்கும் ஒன்றுக்கு என்ன பெயர் சூட்டினாலும் அதன் குணம் மாறுமா? அது ரிபாவே என்பது நமது கருத்து. ஐயமுள்ளவர்கள் தத்தம் ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளலாம். பெட்டிக்கடையில் ஆயிரம் வெள்ளி கேட்டால் கொடுக்கத் தயங்கும் முதலாளியைக் கஞ்சன் என்கிறோம். கேட்குமுன்னே கொடுக்கும் தொலைபேசியை என்னவென்று சொல்வது?

எம்-ஷ்வாரியைப் பின்பற்றிப் பல கம்பெனிகள் முளைத்தன. அவற்றில் சில, கடன் வாங்கியவருடைய தொலைபேசியில் பதிந்திருக்கும் நண்பர், மேலதிகாரி, மாமியார் முதலிய எல்லாருக்கும் போன் செய்து மானத்தை வாங்கின. சில நூறு ஷில்லிங் பாக்கிக்காகப் பெயர் கெட்டவர் பட்டியலில் ஏறியவர்கள் பெருகினார்கள். 2021 டிசம்பரில்தான் இத்தகைய கம்பெனிகள் மத்திய வங்கியிடம் உரிமம் பெற வேண்டுமென்று சட்டம் வந்தது. விளையாட்டுப் பந்தயச் சூதாட்டமும் இதே தொலைபேசிப் பணத்தின்மேல் ஏறிச் சவாரி செய்தது. 2019இல் அரசாங்கம் பந்தயக் கம்பெனிகள் பலவற்றின் உரிமத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. கையில் ரொக்கமிருந்தால் சூதாடுமிடம் வரை நடக்க வேண்டும். நடக்கும்போது புத்தி திரும்பவும் கூடும். தொலைபேசியில் அந்த நடை இல்லை.

இவையெல்லாம் தூரதேசத்துச் சமாசாரம் என்று நம்மவர் ஒதுக்கிவிட முடியாது. சிங்கப்பூரில் 2017இலும் மலேசியாவில் 2018இலும் தொலைபேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் முறைகள் வந்துவிட்டன. சந்தா வசூலுக்குச் சென்றால் ‘ரொக்கமில்லை, நம்பரைச் சொல்லுங்கள்’ என்னும் இளைஞர்களை நாம் தினமும் காண்கிறோம். வயதான அங்கத்தினர் சிலர், இரகசிய எண்ணைப் பேரப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருப்பதாகப் பெருமையோடு கூறுகிறார்கள். பேரப்பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆயினும் வீட்டுச் சாவியை வாசற்படியில் தொங்கவிட வேண்டாம்.

இதைப் படித்துக்காட்டிய போது ஒருவர் கேட்ட கேள்வியோடு நிறுத்துகிறோம். தொலைபேசியில் பணம் வைத்திருந்தவர் மௌத்தாகிவிட்டால் அப்பணம் என்னாகும்? அது மற்றச் சொத்தைப் போன்றே வாரிசுகளுக்குரியது. வாரிசுகள் மரணப் பத்திரத்தோடும் உரிய தஸ்தாவேஜுகளோடும் கம்பெனியை அணுகிக் கேட்டுப் பெற வேண்டும். ஆனால் அப்படியொரு கணக்கு இருப்பதே தெரியாவிட்டால் யார் போய்க் கேட்பது? சேமிப்புப் புத்தகமாவது அலமாரியில் கிடந்து கண்ணில் படும். இது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எந்தெந்தக் கம்பெனியில் கணக்கு உண்டென்பதை, இரகசிய எண்ணை எழுதாமல், வஸிய்யத்தோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். தொலைபேசியில் வாங்கிய கடனிருந்தால் அதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்; பாகம் பிரிக்குமுன் அடைக்க வேண்டியது அது.